வாயில்லா ஜீவனுக்கு எந்தக் கதவைத் தட்டுவது? வாசகர் கேள்வி – பதில்

கைவிடப்பட்ட பிராணிகள், துன்புறுத்தல், மாநகர் மன்றத்தின் நாய் பிடிக்கும் லோரி பற்றி வந்த கடிதங்கள் குவிந்துவிட்டதால் இந்த இதழின் பகுதியை முழுவதும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

*

பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருந்தவர்கள் காலி செய்து போய்விட்டார்கள். நாயைப் பின்கட்டில் சங்கிலியோடு விட்டுவிட்டார்கள். நான்கு நாளாகிறது. மாநகர் மன்றத்துக்குச் சொன்னால் பிடித்துக்கொண்டு போய்க் கொன்றுவிடுவார்கள் என்று மாமியார் தடுக்கிறார். நானே உள்ளே போய் அவிழ்த்துவிடலாமா? – வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

அவிழ்த்துவிடாதீர்கள், சகோதரி. அவிழ்த்த அந்த நிமிடத்தில் அது தெருநாயாகிவிடும். மறுநாள் காலை லோரி வந்தால் முதலில் மாட்டுவது அதுதான். அதைக் கட்டிப்போட்டுப் போனவர்கள் மீது நடவடிக்கை எடுக்க இருந்த சாட்சியமும் சங்கிலியோடு போய்விடும். பயந்துபோன நாய் உங்களைக் கடிக்கவும் கூடும்.

இப்போதே செய்ய வேண்டியது தண்ணீர். வேலி ஓரமாக ஒரு பேசினைத் தள்ளிவிட்டு, வெளியிலிருந்தே ஹோஸ் குழாயால் நிரப்புங்கள். 15 கிலோ எடையுள்ள நாய்க்குச் சாதாரண நாளிலேயே ஒரு லிட்டர் அளவுக்குத் தண்ணீர் வேண்டும், நம் ஊர் வெயிலில் அதற்கும் மேல். ஆனால் நான்கு நாள் காய்ந்த நாய்க்கு ஒரேயடியாக நிரப்பி வைத்தால் மடமடவென்று குடித்து வாந்தி எடுத்துவிடும். அரைக் குவளை ஊற்றி, பத்து நிமிடம் விட்டு, மறுபடி அரைக் குவளை. உணவும் அப்படித்தான். பாவமே என்று ஒரு சட்டி சோறும் கறியும் போடாதீர்கள். பட்டினி கிடந்த உடம்பில் திடீரென்று நிறைய உணவு சேர்ந்தால் இரத்தத்தில் உள்ள உப்புகளின் அளவு குலைந்து, பிழைக்க வேண்டிய பிராணி செத்துப்போகிறது. உப்பு, வெங்காயம் சேர்க்காத கஞ்சியில் அவித்த கோழியைப் பிய்த்துப் போட்டு, கைப்பிடி அளவில், ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை கொடுங்கள்.

அடுத்து, வீட்டு உரிமையாளரைத் தேடிப் பிடியுங்கள். வாடகைக்காரர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனபின் கேட்டைத் திறந்துவிட உரிமை உள்ளவர் அவர்தான். அவர் ஒரு வாட்ஸ்அப் செய்தியில் "உள்ளே போகலாம்" என்று எழுதிக் கொடுத்தாலே அத்துமீறல் என்ற பேச்சு எழாது. பெரும்பாலும் இந்த வழிதான் எல்லாவற்றையும்விட வேகமாக வேலை செய்கிறது. ஆனால் பலரும் இதை நினைப்பதே இல்லை.

இனி உங்கள் மாமியாரின் பயம். இங்கே இரண்டு கதவுகள் இருக்கின்றன. கோலாலம்பூர் மாநகர் மன்றம், அதாவது டிபிகேஎல், நாய் விஷயத்தில் பார்ப்பது உரிமத்தையும் தெருவையும். உரிமம் உண்டா, பொது இடத்தில் அலைகிறதா, அக்கம்பக்கத்துக்குத் தொல்லையா என்பதுதான் அதன் கேள்வி. 1991ஆம் ஆண்டு நாய் உரிமத் துணைச்சட்டம் அதற்கானது. பிராணி பட்டினி கிடக்கிறதா, அடிபடுகிறதா என்பது இன்னொரு கதவு: கால்நடைச் சேவைத் துறை, மலாயில் ஜபாத்தான் பெர்கிட்மாத்தான் வெட்டரினார். 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், சட்ட எண் 772, 1 ஜூலை 2017 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் கீழ் சோதனை போடவும் பிராணியைக் கைப்பற்றவும் அதிகாரம் பெற்றவர்கள் அந்தத் துறையின் விலங்கு நல அதிகாரிகள். உங்கள் புகார் போக வேண்டிய இடம் அதுதான். மன்றத்துக்குப் போன் செய்து "நாய் தொல்லை" என்று சொன்னால் நாயைத் தூக்கும் லோரிதான் வரும். "நாய் துன்புறுகிறது" என்று கால்நடைத் துறையிடம் சொன்னால் விசாரிக்க அதிகாரி வருவார். என்ன சொல்லிப் புகார் செய்கிறோம் என்பதில்தான் அந்த நாயின் கதியே இருக்கிறது.

சட்டத்தின் 24ஆம் பிரிவு, தக்க இடம், தக்க உணவு, இயல்பாக நடமாட வழி, வலியிலிருந்தும் நோயிலிருந்தும் பாதுகாப்பு ஆகியவற்றைத் தரும் கடமையை வளர்ப்பவர் தலையில் வைக்கிறது. மீறினால் 15,000 முதல் 75,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். 29ஆம் பிரிவு கொடுமைக்கானது. அதில் 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை, அல்லது மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். கீழ்வரம்பு இருப்பதைக் கவனியுங்கள். பழைய காலத்தில் 200 ரிங்கிட்டைக் கட்டிவிட்டுப் போனது போல் இப்போது போக முடியாது.

*

புகார் கொடுத்தேன், அதிகாரி வந்தார், "ஒன்றும் தெரியவில்லை" என்று போய்விட்டார். எப்படிக் கொடுத்திருக்க வேண்டும்? – வாசகர், செராஸ்

அதிகாரி வருவதற்குள் கூண்டைக் கழுவி, தண்ணீர் வைத்துவிட்டால் அவர் காண்பது கழுவிய கூண்டைத்தான். ஆகவே அவர் காணாததை நீங்கள் காட்ட வேண்டும்.

தெருவில் நின்று, அதாவது உங்களுக்கு நிற்க உரிமையுள்ள இடத்தில் நின்று, வீடியோ எடுங்கள். முதலில் தூரக் காட்சி. வீட்டு எண்ணோ வாகன எண்ணோ தெரிய வேண்டும். நிறுத்தாமல் அப்படியே நெருங்கி வாருங்கள். வெட்டி ஒட்டிய வீடியோவை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒரு கேள்வியில் உடைத்துவிடுவார். நெருக்கத்தில் காட்ட வேண்டியவை: தண்ணீர்ப் பாத்திரம் (காலியா, பாசி பிடித்ததா), சங்கிலியின் நீளம், நிழல் உண்டா, மலம் எத்தனை நாளாகக் குவிந்திருக்கிறது, விலா எலும்பும் இடுப்பெலும்பும் துருத்தி நிற்கிறதா, கழுத்தில் சங்கிலி பதிந்த புண் இருக்கிறதா. இதையே மூன்று நாள், காலையும் மாலையும், ஒரே கோணத்தில் எடுங்கள். ஒரு நாள் தண்ணீர் இல்லாததை "மறந்துவிட்டேன்" என்று சொல்லித் தப்பலாம். மூன்று நாள், ஆறு வேளை என்றால் அந்தப் பேச்சு எடுபடாது.

கூடவே ஒரு தாளில் தேதி, நேரம், கண்டது, அவ்வளவுதான். "ஈவிரக்கமில்லாத பாவி" என்றெல்லாம் எழுத வேண்டாம். கோபம் நியாயமானதுதான், ஆனால் புகாரில் அது இருந்தால் அண்டை வீட்டுச் சண்டை என்று ஒதுக்கிவிடுவார்கள். அடிப்பதைக் கண்ணால் கண்டிருந்தால் போலீஸ் ரிப்போர்ட்டும் கொடுங்கள். பிராணியைக் கொல்வதும் ஊனமாக்குவதும் தண்டனைச் சட்டம் 428ஆம் பிரிவின் கீழும் குற்றம், மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. ரிப்போர்ட் எண்ணைக் கால்நடைத் துறைப் புகாரில் குறிப்பிடுங்கள். அங்கே சிஸ்பா என்ற இணையப் புகார் முறையில் பதிந்தால் ஓர் எண் கிடைக்கும். போனில் மட்டும் சொன்ன புகாருக்குப் பின்னால் ஓடிப் பயனில்லை.

2018 செப்டம்பரில் கோம்பாக்கில் ஒரு சுயசேவைச் சலவைக் கடையில் சினைப்பூனையை உலர்த்தும் இயந்திரத்துக்குள் போட்டு ஓடவிட்ட கொடுமை நினைவிருக்கும். கடையின் கேமரா எல்லாவற்றையும் பதிந்திருந்தது. 2019 நவம்பரில் குற்றவாளிகளில் ஒருவருக்கு செஷன்ஸ் நீதிமன்றம் 34 மாதச் சிறையும் 40,000 ரிங்கிட் அபராதமும் விதித்தது. அந்தப் பதிவு இல்லாவிட்டால் அது அடையாளம் தெரியாத ஒரு பூனையின் உடலாகவே முடிந்திருக்கும். கடைக் கேமராக்கள் பல சில நாட்களிலேயே பழைய பதிவின் மேல் புதியதை எழுதிவிடும். அதனால் சம்பவம் நடந்த அன்றே கடைக்காரரிடம் போய்ப் பதிவைத் தனியாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

ஒன்றை மனதில் வையுங்கள். எடுத்த எடுப்பில் பிராணியைத் தூக்கிப்போவது எல்லா வழக்கிலும் நடப்பதில்லை. திருத்தக்கூடிய குறையாக இருந்தால் வளர்ப்பவருக்கு அறிவுறுத்திவிட்டு, அவகாசம் கொடுத்துத் திரும்பி வந்து பார்ப்பதும் உண்டு. வழக்குத் தொடுக்க அரசு வழக்குரைஞரின் எழுத்துச் சம்மதமும் தேவை. எனவே முதல் வருகையோடு நின்றுவிடாதீர்கள். இரண்டாம் வாரமும் அதே கோணத்தில் படம் எடுத்து, அதே புகார் எண்ணில் சேருங்கள்.

*

எங்கள் நாய் கேட் திறந்திருந்தபோது வெளியே போய்விட்டது. காலையில் லோரி பிடித்துப்போனதாகப் பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். உரிமம் எடுத்திருக்கிறோம். எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? – வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

எத்தனை நாள் என்று கணக்குப் பார்க்கவே வேண்டாம். இன்றே போங்கள். பிடித்த நாய்களை அடைத்து வைக்கும் பட்டி எந்த மன்றத்திலும் இடம் குறைவுதான், வைத்திருக்கும் காலம் சில நாட்கள்தான். கழுத்தில் உரிம வில்லை இல்லாத நாய்க்கு அதுவும் உறுதியில்லை. போன் அடித்தால் "வெள்ளை நிறம், ஆண் நாய்" என்று நாம் சொல்வதும் அவர்கள் எழுதி வைத்திருப்பதும் பொருந்தாமல் போகும். பட்டியில் நேரில் நின்று ஒவ்வொரு கூண்டாகப் பார்ப்பதுதான் வழி. பயந்த நாய் மூலையில் முகத்தைத் திருப்பிக் கிடக்கும். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

கையில் கொண்டுபோக வேண்டியவை: உரிமையாளரின் அடையாள அட்டை, இவ்வாண்டு உரிம ரசீது, தடுப்பூசி அட்டை, நாயோடு வீட்டார் நிற்கும் இரண்டு மூன்று படங்கள், கழுத்துப் பட்டையும் கயிறும். உரிமம் அப்பா பெயரில் இருந்து மகன் போனால் ஓர் எழுத்து அனுமதியும் வேண்டும். இந்த இடத்தில்தான் பலர் அரை நாளை இழக்கிறார்கள். பிடித்த செலவு, பராமரிப்புச் செலவு, அவிழ்த்துவிட்டதற்கான கம்பவுண்ட் (சமரச அபராதம்) எல்லாவற்றுக்கும் ரசீது கேட்டு வாங்குங்கள். உரிமம் இல்லாதிருந்தால் அதற்குத் தனியாகக் கட்ட வேண்டியிருக்கும். துணைச்சட்டக் குற்றங்களுக்கு உள்ளாட்சிச் சட்டம் வைத்திருக்கும் உச்சவரம்பு 2,000 ரிங்கிட் அபராதம், அல்லது ஓராண்டுச் சிறை, அல்லது இரண்டும். தொடரும் குற்றத்துக்கு நாளொன்றுக்கு 200 ரிங்கிட் வரை.

உரிமம் எடுத்தும் நாய் மாட்டுவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றே: வில்லை வீட்டு மேசை இழுப்பறையில் கிடக்கும். குளிப்பாட்டக் கழற்றிய பட்டையைத் திரும்ப மாட்டியிருக்க மாட்டார்கள். வில்லையில்லாத நாயும் தெருநாயும் பிடிப்பவர் கண்ணுக்கு ஒன்றுதான். மைக்ரோசிப் போட்டுவிட்டால் பட்டை கழன்றாலும் கவலை குறைவு. தோளுக்கு நடுவே தோலடியில் அரிசிமணி அளவில் இருக்கும், 15 இலக்க எண் கொண்டது. ஆனால் அந்த எண்ணோடு பதிவான கைப்பேசி எண் நீங்கள் என்றோ விட்டுவிட்ட பழைய எண்ணாக இருந்தால் சிப் இருந்தும் பயனில்லை. ஆண்டுக்கொரு முறை சரிபாருங்கள்.

நாய் கைக்கு வந்ததும் கழுத்தைச் சுற்றிப் பாருங்கள். சுருக்குக் கம்பியால் பிடித்திருந்தால் முடிக்குள் மறைந்த வெட்டு இருக்கும். ஈறுகளில் கம்பியைக் கடித்த காயம் இருக்கிறதா என்றும் பாருங்கள். பட்டியில் பல இடத்து நாய்கள் நெருங்கிக் கிடப்பதால் பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற கொடிய நாய் நோய்கள் தொற்ற வாய்ப்பு அதிகம். அறிகுறி வெளியே வர ஒரு வாரம், இரண்டு வாரம்கூட ஆகலாம். அதனால் வீட்டில் வேறு நாய் இருந்தால் 14 நாள் தனியாக வையுங்கள், பாத்திரமும் தனி. இரத்தம் கலந்த பேதி, வாந்தி, மூக்கில் சளி, சோர்வு, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே மருத்துவரிடம் போங்கள். அது கிடந்த இடத்தை முதலில் சோப்பால் கழுவி, பிறகு ஒரு பங்கு குளோராக்ஸ் போன்ற வெளுப்பானுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். மலத்தின் மேலேயே வெளுப்பானை ஊற்றினால் அது கிருமியைக் கொல்லாது.

பிடிக்கும்போது தடுத்துச் சண்டை போடாதீர்கள், அரசு ஊழியரைத் தடுப்பது தனிக் குற்றம். கைப்பேசியில் படமெடுக்கலாம், லோரி எண்ணையும் நேரத்தையும் குறிக்கலாம். உங்கள் வளவுக்குள்ளேயே வந்து பிடிக்க முனைந்தால் அதிகார அட்டையைக் காட்டச் சொல்லுங்கள், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்று நிதானமாகக் கேளுங்கள்.

*

காண்டோ (அடுக்குமாடி) நிர்வாகம் "மூன்று நாளில் நாயை அகற்று" என்று கடிதம் கொடுத்திருக்கிறது. அவர்களுக்கு அந்த அதிகாரம் உண்டா? – வாசகி, கெலுகோர், பினாங்கு

உண்டு, ஆனால் வரம்போடு. 2015ஆம் ஆண்டு ஸ்ட்ராத்தா, அதாவது அடுக்குமாடிக் குடியிருப்பு, நிர்வாக ஒழுங்குவிதிகளின் மூன்றாம் அட்டவணை, மற்றவர்களுக்குத் தொல்லையோ ஆபத்தோ தரும் பிராணியை, அல்லது வேறு சட்டத்துக்கு முரணான பிராணியை வைத்திருக்கக் கூடாது என்கிறது. எழுத்து நோட்டீஸ் கிடைத்து மூன்று நாளில் அகற்றாவிட்டால் நிர்வாகமே நடவடிக்கை எடுத்து, செலவை உங்களிடம் வாங்கலாம்.

ஆகவே மூன்று நாளுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். என்ன தொல்லை, எந்தத் தேதி, யார் புகார் என்று கேளுங்கள். உரிம நகல், தடுப்பூசி அட்டை, மேல்வீடும் கீழ்வீடும் "எங்களுக்குத் தொல்லையில்லை" என்று எழுதிக் கொடுத்தால் அதையும் இணையுங்கள். உங்கள் கட்டடத்தின் கூடுதல் விதிகளையும் கேட்டு வாங்கிப் படியுங்கள், அங்கேதான் பல வழக்குகள் முடிவாகின்றன. இடமே இல்லை என்று ஆகிவிட்டால், சொந்தக்காரர் வீட்டுக்கு மாற்றும்வரை கட்டணக் காப்பகத்தில் விடுங்கள். காரில் ஏற்றி எங்காவது இறக்கிவிட்டு வருவதற்கு நோட்டீஸ் ஒரு சாக்கல்ல. அந்தக் குற்றம் நிர்வாகத்தின் தலையில் விழாது, உங்கள் தலையில்தான் விழும்.

*

எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஒரு நாய் சிறுவனைக் கடித்துவிட்டது. 2015இல் பினாங்கில் நடந்தது போல் எல்லா நாயையும் ஒழித்தால்தான் வெறிநோய் பரவாது என்கிறார்கள். கடித்த நாயை அடித்துக் கொல்லப் போகிறார்கள். சரியா? – வாசகர், ஜெலுத்தோங்

முதலில் சிறுவன். காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், பெரும்பாலோர் ஒரு நிமிடத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் அப்பக் கூடாது. கட்டு இறுக்கிக் கட்டாமல் நேராக மருத்துவமனைக்குப் போங்கள். வெறிநோய்த் தடுப்பூசி வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். அறிகுறி தெரிந்தபின் அந்த நோய்க்கு மருந்து கிடையாது என்பதால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

நாயை அடித்துக் கொல்லக் கூடாது. இரக்கம் ஒரு காரணம். இன்னொன்று, சிறுவனுக்கே அதுதான் நல்லது. கடித்த நாயைப் பத்து நாள் அடைத்து வைத்துக் கவனிப்பது உலகமெங்கும் உள்ள முறை. கடித்த நேரத்தில் எச்சிலில் கிருமி இருந்திருந்தால் அந்தப் பத்து நாளுக்குள் நாய் நோயுற்றுச் செத்துவிடும். நன்றாக இருந்தால் கடியில் வெறிநோய் இல்லை என்று நிம்மதி அடையலாம். கொன்றுவிட்டால் அந்தப் பதிலும் போய்விடுகிறது. வெறிநோய்ப் பரிசோதனையை மூளைத் திசுவில்தான் செய்கிறார்கள். மண்டையில் கட்டையால் அடித்தால் அதையும் கெடுத்துவிடுகிறோம். கால்நடைத் துறைக்குத் தகவல் கொடுங்கள், நாயைக் கண்காணிப்பில் வைக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு.

2015 பற்றி. மலேசியா 2012இல் வெறிநோயற்ற நாடு என்ற தகுதி பெற்றது. மூன்றே ஆண்டில், 2015இல், பெர்லிஸ், கெடா, பினாங்கில் நோய் தலைகாட்டியது. பினாங்கில் தெருநாய்களைக் கொல்ல மாநில அரசு உத்தரவிட்டதும், பிராணி நேயர்கள் கொதித்தெழுந்ததும் நம் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. நோய்ப் பயம் பொய்யல்ல. அதற்கு இரண்டு ஆண்டு கழித்து 2017இல் சரவாக்கில் பரவத் தொடங்கிய வெறிநோய் மனித உயிர்களைக் குடித்தது. ஆனால் கொன்று குவிப்பது நோயை நிறுத்துவதில்லை. ஒரு தெருவின் நாய்களை அகற்றினால் அங்கே கிடக்கும் குப்பையும் மிச்சச் சோறும் பக்கத்து இடத்து நாய்களை இழுக்கும், புது நாய்கள் வரும், சண்டை போடும், கடிக்கும். ஊசி போட்ட நாய்களும் சேர்ந்து சாகின்றன. பயந்த வளர்ப்பாளர்கள் தங்கள் நாயை ஊர்விட்டு ஊர் கடத்துகிறார்கள், நோயும் கூடவே பயணம் போகிறது. ஓர் இடத்து நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குக் குறையாமல் தடுப்பூசி போட்டால் பரவல் அறுந்துவிடும் என்பதே உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு. கட்டை தூக்கும் கைகளுக்கு இந்த வேலையைக் கொடுங்கள்: தாமானில் எத்தனை நாய், எத்தனைக்கு ஊசி போட்டாயிற்று என்று ஒரு பட்டியல்.

*

தெருநாய்களுக்குச் சோறு வைக்கிறேன். அபராதம் போடுவேன் என்று மிரட்டுகிறார்கள். – வாசகி, ஆயர் ஈத்தாம்

சோறு வைப்பதைவிட, சோற்றை விட்டுவிட்டு வருவதுதான் வம்பை இழுக்கிறது. செய்தித்தாளில் கொட்டிய சோறு எலியையும் காக்கையையும் கூட்டும், குப்பை போட்ட குற்றமாகவும் ஆகும். ஒரே நேரம், ஒரே இடம், தட்டில் வைத்து, அரை மணி நேரத்தில் தட்டை எடுத்துக் கழுவிவிடுங்கள். வீட்டு வாசல், பள்ளிவாசல், பள்ளிக்கூட நடைபாதை, இந்த மூன்றையும் தவிருங்கள்.

ஆனால் குடும்பக் கட்டுப்பாடு இல்லாத அன்னதானம் அந்த நாய்களுக்கே ஆபத்து. பெட்டை நாய் ஆண்டுக்கு இரு முறை பருவத்துக்கு வரும், கர்ப்பம் 63 நாள்தான். நன்றாகத் தின்னும் நாய் அதிகக் குட்டி போடும், குட்டி அதிகமானால் புகார் வரும், புகார் வந்தால் லோரி வரும். நீங்கள் குறித்த நேரத்தில் வைக்கும் சோறுதான் அவற்றைப் பிடிக்கச் சிறந்த வழி. பொறிக்கூண்டைச் சில நாள் திறந்தே வைத்து உள்ளே உணவு போட்டுப் பழக்குங்கள். அறுவைக்கு முந்தின இரவு உணவை நிறுத்துங்கள், இல்லையேல் மயக்க மருந்தில் வாந்தி எடுத்து மூச்சடைக்கும். முதலில் பெட்டைகள். கருத்தடை ஆனதற்கு அடையாளமாகக் காதில் சிறு வெட்டு போடச் சொல்லுங்கள். அதே நாயை மறுபடி பிடித்து வயிற்றைக் கிழிக்கும் அவலம் தவிரும். பினாங்குத் தீவில் ஜெட்டி ஜெலுத்தோங் சாலையில் உள்ள எஸ்பிசிஏ (பிராணிவதைத் தடுப்புச் சங்கம்) போன்ற அமைப்புகளிடம் சலுகைக் கட்டணம், கூண்டு இரவல் பற்றிக் கேளுங்கள். கோலாலம்பூர் பக்கம் என்றால் அம்பாங்கில் உள்ள எஸ்பிசிஏ.

*

சாலைக்குப் போன எங்கள் இரண்டு மாடுகளை மன்றத்தார் அடைத்துவிட்டார்கள். – வாசகர், செபராங் பிறை

நம் பெரியவர்கள் கொண்டித்தொழுவம் என்று சொன்ன அதே ஏற்பாடுதான். பிடித்த செலவும் நாள் வாடகையும் ஏறிக்கொண்டே போகும். கேட்பாரற்றுக் கிடந்தால் ஏலத்தில் போய்விடும். காதில் வில்லை இருந்தால் எண்ணையும், இல்லையென்றால் கொம்பு, சுழி, மறு தெரியும் படங்களையும் கொண்டுபோங்கள். "செவலை மாடு" என்றால் நாலு பேர் செவலை மாட்டைக் காட்டுவார்கள். கறவை மாடாக இருந்தால் ஒரு வேளையும் தாமதிக்காதீர்கள், கறக்காமல் மடி கட்டிக்கொண்டால் காய்ச்சலும் மடிநோயும் வரும். போன உடனே கறக்க அனுமதி கேளுங்கள். இரவில் சாலையில் மாடு நின்று மோட்டார் சைக்கிள்காரர் அடிபட்டால் உங்கள் மேல் நஷ்ட ஈட்டு வழக்கு வரலாம். வேலிக் கம்பிக்குச் செலவு செய்வது அதைவிட மலிவு. மாநிலம் விட்டு மாநிலம் மாட்டை ஏற்றக் கால்நடைத் துறையின் அனுமதி தேவை என்பதையும் மறவாதீர்கள்.

*

குரங்கு, மலைப்பாம்பு, சாக்கடையில் விழுந்த பூனை, யாரைக் கூப்பிடுவது? – வாசகர், கெப்போங்

குரங்கும் உடும்பும் பெர்ஹிலித்தான், வனவிலங்குத் துறை. பாம்புக்கு ஆங்காத்தான் பெர்த்தாஹானான் அவாம், அதாவது பொதுத் தற்காப்புப் படை, அல்லது பொம்பா, அதாவது தீயணைப்பு மீட்புத் துறை. சாக்கடை, கிணறு, கூரை என்று சிக்கிக்கொண்ட பிராணிக்குப் பொம்பா. அவசரத்துக்கு 999. குரங்கைப் பொறி வைத்து நீங்களே பிடிக்காதீர்கள், 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே வரும்.

*

எங்கள் தெருவில் மூன்று நாய்கள் நுரை தள்ளிச் செத்துக் கிடந்தன. விஷம்தான். யார் வைத்தது என்று தெரியவில்லை. – வாசகர், பட்டர்வொர்த்

இன்னும் உயிரோடு ஒன்று இருந்தால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மருத்துவரிடம் ஓடுங்கள். வாயில் எண்ணெயோ பாலோ உப்புத் தண்ணீரோ ஊற்றாதீர்கள், வலிப்பில் இருக்கும் நாய்க்கு அது நுரையீரலுக்குள் போய்விடும். அது தின்ற மிச்சம், பொட்டலத் தாள் கிடைத்தால் எடுத்துப்போங்கள். என்ன விஷம் என்று தெரிந்தால்தான் மாற்று மருந்து தெரியும்.

செத்தவற்றை உடனே புதைக்காதீர்கள். கிடந்த நிலையில், சுற்றுப்புறம் தெரியப் படம் எடுங்கள். கையுறை, இல்லையென்றால் இரட்டைப் பிளாஸ்டிக் பை மாட்டிக்கொண்டு, வாந்தியையும் மிச்ச உணவையும் தனித்தனிப் பையில் கட்டி, தேதி, நேரம், இடம் எழுதுங்கள். உடலை ஐஸ் கட்டிகளோடு குளிராக வையுங்கள், உறைய வைக்க வேண்டாம். உறைந்தால் உள்ளுறுப்புகளின் திசு சிதைந்து பிரேதப் பரிசோதனை கெடும். அன்றே போலீஸ் ரிப்போர்ட், அன்றே கால்நடைத் துறை. பிரேதப் பரிசோதனை எழுத்தில் வேண்டும் என்று கேளுங்கள். விஷம் வைப்பது விலங்கு நலச் சட்டத்தின் 29ஆம் பிரிவில் வரும் கொடுமை, தெருநாய் என்பதால் குற்றம் குறையாது. பிறகு தெருவில் உள்ள கடை, வீட்டுக் கேமராக்களை அன்று மாலைக்குள் கேட்டு வாருங்கள். குழந்தைகள் விளையாடும் இடம் என்று சொன்னால் தயங்குபவரும் பதிவைக் கொடுப்பார், அது உண்மையும்கூட. எஞ்சிய விஷத் துண்டு புல்லில் கிடக்கலாம், பிள்ளைகளை ஒரு வாரம் அந்தப் பக்கம் விடாதீர்கள்.

*

கோயில் வாசலில் பெட்டியில் பூனைக்குட்டிகளைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். – வாசகி, லெபோ பாசார்

அது கைவிடுதல், கடமை மீறிய குற்றம். கோயில் என்றால் யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்ற எண்ணத்தில் நடக்கிறது. அங்கே குட்டிகளை நசுக்குவது பெரும்பாலும் கார் டயர்தான். வாகன எண் தெரிந்தால் புகார் கொடுங்கள், நிர்வாகத்தினரிடம் வாசலுக்கு ஒரு கேமரா வைக்கச் சொல்லுங்கள்.

பெட்டியில் இல்லாமல் மூலையில் குட்டிகள் மட்டும் கிடந்தால் உடனே தூக்காதீர்கள். தாய் இரை தேடப் போயிருக்கலாம். ஆபத்தில்லாத இடமென்றால் தூர நின்று இரண்டு மணி நேரம் பாருங்கள். வயிறு உருண்டையாக, அமைதியாகத் தூங்கும் குட்டிக்குத் தாய் உண்டு. அழுதுகொண்டே, தொட்டால் சில்லென்று இருக்கும் குட்டிக்கு இல்லை. சில்லிட்டிருந்தால் முதலில் சூடு, பிறகுதான் பால். வெந்நீர் ஊற்றிய போத்தலைத் துணியில் சுற்றி அருகே வைத்து உடம்பு சூடேறியபின் கொடுங்கள், குளிர்ந்த வயிற்றில் பால் செரிக்காது. பசும்பால் வேண்டாம், பேதியாகும். கடையில் பூனைக்குட்டிப் பால்மாவு கிடைக்கும். கண் திறக்காத குட்டிக்கு இரவும் பகலும் மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை. குப்புறப் படுக்கவைத்துத்தான் ஊட்ட வேண்டும், மல்லாக்க வைத்தால் பால் மூச்சுக்குழாயில் இறங்கும். ஒவ்வொரு முறை ஊட்டியபின்னும் ஈரப் பஞ்சால் அடிவயிற்றைத் தடவிவிடுங்கள். தாய் நக்கிவிடாமல் அந்த வயதில் குட்டிக்குச் சிறுநீர் தானாகப் பிரியாது.